ஹாங்காங் டிஸ்னிலேண்ட் போய் வந்து பதினொரு நாள், மனசு இன்னும் வந்து சேரவில்லை

அல்சூர்வாசி:

நேற்றுக் காலை ஹலசூரு மெட்ரோ ஸ்டேஷனில் கார்டை எடுத்து கேட்டில் வைத்தேன், திறக்கவில்லை. மறுபடி வைத்தேன், சிவப்பு விளக்கு. பின்னால் நின்றவர், மேடம் இது மெட்ரோ கார்டு இல்லையே என்று கன்னடத்தில் சொன்னார். அப்போதுதான் பார்த்தேன், கையில் இருந்தது ஹாங்காங் ஆக்டோபஸ் கார்டு. அங்கே இருந்த நாலு நாளும் ரயிலுக்கும் கடைக்கும் அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது ஏர்போர்ட்டில் கொடுத்தால் மிச்சப் பணம் தருவார்கள் என்று கணவர் சொன்னார், நான்தான் கொடுக்கவில்லை. ஓரமாகப் போய் நின்றேன், அழுகை வந்துவிட்டது. ஐந்து நிமிடம் ஆனது சமாளிக்க.

எனக்கு 41 வயது. நான், கணவர், ஒன்பது வயது மகன், மூன்று பேரும் போனோம். நாலு வருஷம் சீட்டு கட்டிச் சேர்த்த பணம் அது. போவதற்கு முன்னால் ஆறு மாதம் வீட்டில் இதே பேச்சுதான். மகனுக்கு பாஸ்போர்ட் எடுத்தது, ஹாங்காங்குக்கு ஆன்லைனில் பதிவு செய்து அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்து வைத்தது, எந்த நாள் எந்த ரைடு முதலில் என்று நோட்டில் எழுதி அடித்து மறுபடி எழுதியது, எல்லாமே சந்தோஷமாக இருந்தது. அங்கே பார்க்கில் மட்டும் மூன்று நாள். காலையில் கதவு திறக்கும் முன்பே போய் நிற்போம், ராத்திரி வாணவேடிக்கை முடிந்துதான் வருவோம். கணவருக்கு முட்டி வலி உண்டு, அங்கே ஒரு தடவைகூட அதைப் பற்றிச் சொல்லவில்லை. மகன் போன் கேட்கவே இல்லை.

கடைசி ராத்திரி கோட்டையின் மேல் வெளிச்சமெல்லாம் அணைந்தபிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். ஊழியர்கள் கை காட்டிச் சிரித்து வழியனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வாசலிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிற பாதையில் ஒரு வளைவு வரும், அதைத் தாண்டும்போது மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அப்புறம் மிக்கி தலை வடிவத்தில் ஜன்னல் வைத்த அந்தச் சின்ன ரயில், சன்னி பேயில் இறங்கினால் சாதாரண ஜன்னல் வைத்த சாதாரண ரயில். அந்த இடத்தில்தான் எனக்கு முதலில் தொண்டை அடைத்தது.

வந்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்லமுடியாது, சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். ஆனால் குக்கர் வைத்துவிட்டு விசிலை எண்ண மறந்துபோகிறேன். ராத்திரி எல்லோரும் தூங்கியதும் போனில் அங்கே எடுத்த வீடியோக்களைச் சத்தமில்லாமல் பார்க்கிறேன். நாத்தனாரிடம் சொன்னேன், அவர் இதெல்லாம் சின்னப்பிள்ளைகள் போகிற இடம்தானே, உனக்கென்ன என்றார். அதிலிருந்து யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இங்கே கேட்கலாம் என்று தோன்றியது. உங்களில் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா, எத்தனை நாளில் சரியானது, என்ன செய்தீர்கள்? அடுத்த வருஷமே மறுபடி டிக்கெட் போட்டுவிடலாமா என்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

நீலப்பென்சில்:

அக்கா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சின்னப்பிள்ளைகள் போகிற இடம் என்று சொன்னவர்களை விட்டுவிடுங்கள். நான் ஜெயநகரில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் வேலை செய்கிறேன், இந்த மாதிரிப் பார்க்குகளை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பல வருஷமாக ஆசையோடு படித்துவருகிறேன். அது பெரியவர்களையும் சேர்த்து மனசில் வைத்துக் கட்டிய இடம். லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித் பார்க்கில் மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, வால்ட் டிஸ்னி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து அனுபவிக்கிற இடம் ஏன் இல்லை என்று யோசித்ததிலிருந்துதான் இது தொடங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

1955-இல் கலிஃபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்ட் கட்டியபோது சுற்றிலும் மண்ணைக் குவித்து உயரமான கரை போட்டார்கள், நம்ம ஊர் ஏரிக்கரை போல. அதன் மேல் ரயில் ஓடும். எதற்கு என்றால், உள்ளே நிற்பவர் கண்ணுக்கு வெளியே இருக்கும் ரோடு, மின்கம்பம், விளம்பரப் பலகை எதுவும் படக்கூடாது. கோட்டை மேலே போகப்போக கற்களும் ஜன்னல்களும் சின்னதாகிக்கொண்டே வரும், அதனால் நிஜ உயரத்தைவிடப் பெரிதாகத் தெரியும். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும்போது காலடியில் தரை மாறும், பாட்டு மாறும், அதுவும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துதான் மாறும். வாசனைக்குக்கூட கருவி வைத்திருக்கிறார்கள். நம் கண், காது, மூக்கு, கால் நாலையும் ஒரே பக்கமாகத் திருப்பி மூன்று நாள் வைத்திருந்தால், அதைவிட்டு வெளியே வந்த மனசுக்கு அடி விழத்தான் செய்யும். அதுவும் வந்து இறங்குவது நம்ம பெங்களூரில். ஒரே சமயத்தில் எட்டுத் திசையிலிருந்தும் சத்தம் வருகிற ஊர், வெயில் மழை தூசி ஹாரன் எல்லாம் சேர்ந்தே வரும். எனக்கு இந்த ஊர் பிடிக்கும், ஆனால் டிஸ்னிலேண்டிலிருந்து நேராக சில்க் போர்டு சிக்னலில் வந்து நிற்பது பெரிய இறக்கம்.

நீங்கள் சொன்ன அந்த வளைவு இருக்கிறதே, அதைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அது தற்செயலாக அமைந்ததில்லை. ஹாங்காங்கில் கட்டும்போது ஃபெங்சுய் பார்ப்பவர்களைக் கேட்டார்கள், நமக்கு வாஸ்து மாதிரி. அவர்கள் சொல்லி நுழைவாயிலை 12 டிகிரி திருப்பினார்கள். ஸ்டேஷனுக்கும் வாசலுக்கும் நடுவே பாதையை வளைத்ததும் அதற்காகத்தான், நல்ல சக்தி நேர்கோட்டில் வழிந்து கடலுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக. திறப்பு விழா நாளையும், 2005 செப்டம்பர் 12, நல்ல நாள் பார்த்துத்தான் வைத்தார்கள். நீங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தது அந்த இடத்தில்.

ஒன்று கேட்கிறேன், யோசித்து எழுதுங்கள். கண்ணை மூடினால் பார்க்கில் எந்த இடம் முதலில் வருகிறது? கோட்டையா? எனக்கென்னவோ வேறு இடமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

மாலைநேரம்:

நான் ஒரு மருத்துவமனையில் மனநல ஆலோசகர். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயப்பட எதுவும் தெரியவில்லை.

2010-இல் நெதர்லாந்தில் 1530 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. பயணம் போகிறவர்களுக்கு மற்றவர்களைவிட சந்தோஷம் அதிகமாக இருந்தது எப்போது தெரியுமா, போவதற்கு முன்னால். திரும்பி வந்தபிறகு பெரும்பாலானவர்களுக்கு, போகாதவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. மிகவும் நிதானமாக, ஓய்வாகப் போய் வந்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் அந்த இனிமை தங்கியது. நீங்களோ காலையிலிருந்து வாணவேடிக்கை வரை மூன்று நாள் நடந்திருக்கிறீர்கள், விமானம் ஏறி இறங்கியிருக்கிறீர்கள், அங்கே நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடும், அதோடு ராத்திரி வீடியோ பார்த்துத் தூக்கத்தை வேறு குறைத்துக்கொள்கிறீர்கள். களைத்த உடம்பு எந்த வருத்தத்தையும் இரண்டு மடங்காக்கும். வீடியோ பாருங்கள், வேண்டாமென்று சொல்லமாட்டேன். சாயங்காலம் மகனோடு உட்கார்ந்து, சத்தம் வைத்துப் பாருங்கள். நடுராத்திரி இருட்டில் தனியாக வேண்டாம்.

இன்னொன்று, ஆறு மாதம் உங்கள் வீட்டில் எதிர்பார்ப்பு என்ற ஒன்று தினமும் இருந்தது. அந்த நோட்டு. இப்போது அந்த இடம் காலி. அதில் சின்னதாக ஏதாவது வைக்கவேண்டும், தேதியோடு. பெரிய பயணமாக இருக்கவேண்டியதில்லை, அடுத்த ஞாயிறு என்று ஒன்று இருந்தாலே போதும்.

சாப்பாடு, தூக்கம், வேலை மூன்றும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்குமேல் நாள் முழுக்க இப்படியே போனால் டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம், நம்ம ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் அதை முன்னின்று நடத்துகிறது. உங்கள் எழுத்தைப் பார்த்தால் அந்த நிலைமை தெரியவில்லை, இருந்தாலும் எண்ணைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு உதவும்.

கணக்குப்பிள்ளை:

தவறாக எடுத்துக்கொள்ளவேண்டாம். அடுத்த வருஷமே டிக்கெட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் என் பதில்: இந்த மனநிலையில் போடாதீர்கள். நான் போட்டேன். துபாய் போய் வந்து, பிள்ளைகள் முகம் வாடியது தாங்கமுடியாமல், பத்தே நாளில் கிரெடிட் கார்டில் தவணை போட்டு சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் புக் செய்தேன். செந்தோசா அழகான இடம், குறையில்லை. ஆனால் முதல் தடவை மாதிரி ஆறு மாத ஏக்கம் இல்லாமல் போனதால் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் துபாயோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். திரும்பி வந்து பதினெட்டு மாதம் தவணை கட்டினேன். ஒவ்வொரு மாதமும் அந்த எஸ்எம்எஸ் வரும்போது, நல்ல நினைவாக இருக்கவேண்டிய ஒன்று கடனாக வந்து நின்றது. நீங்கள் நாலு வருஷம் சீட்டு கட்டிப் போனீர்கள் என்று படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அந்த முறை சரியான முறை. மறுபடி சீட்டில் சேருங்கள், நாலு வருஷமோ ஐந்து வருஷமோ ஆகட்டும்.

கரோல்பாக்_பழையவன்:

நான் டெல்லியில் வளர்ந்தவன், இருபது வருஷத்துக்கும் மேலாக பெங்களூரில் இருக்கிறேன். தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

டெல்லியில் எங்களுக்கு அப்பு கர் என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. 1982 ஆசிய விளையாட்டுக்கு அப்பு என்ற யானைக்குட்டிதான் சின்னம், அந்தப் பெயரில் பிரகதி மைதானில் 1984 நவம்பரில் திறந்தார்கள். இப்போது உள்ள பிள்ளைகள் பார்த்தால் இவ்வளவுதானா என்பார்கள். எங்களுக்கு அதுதான் உலகம். முழுப்பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை கரோல்பாகிலிருந்து பஸ்ஸில் போவோம், அம்மா எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வருவார். அந்த ஒரு நாளுக்காக நான் கணக்குப் பாடம் படித்தேன் என்றால் நம்பவேண்டும். சாயங்காலம் கிளம்பும்போது என் தம்பி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான், அப்பா ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுப்பார். அப்படி எடுக்கும்போது அவர் முகத்திலும் சந்தோஷம் இருக்காது. அது எனக்கு இப்போதுதான் புரிகிறது, பெரியவர்களுக்கும் கிளம்ப மனசில்லை.

2008-இல் அதை மூடிவிட்டார்கள், நிலம் உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்கும் மெட்ரோவுக்கும் போனது. நான் அப்போது இங்கே வந்துவிட்டேன், செய்தியாகத்தான் படித்தேன். அன்றைக்கு ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் செய்தேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம், பேசப்பேசத்தான் தெரிந்தது, இரண்டு பேருக்கும் பாதி மறந்துபோயிருந்தது. ராட்சச ராட்டினம் வாசலுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்பதில் எங்களுக்குள் சண்டை. டிக்கெட் என்ன நிறம், தெரியவில்லை. ஒரே ஒரு போட்டோ இருக்கிறது, அதில் பின்னால் எதுவும் தெரியாது, அம்மாவின் புடவைதான் பாதி.

அதனால் சொல்கிறேன், இப்போதே எழுதி வையுங்கள். இன்னும் பதினொரு நாள்தான் ஆகியிருக்கிறது, எல்லாம் ஈரமாக இருக்கும். ஃபோட்டோவில் வராதவற்றை எழுதுங்கள். வரிசையில் நிற்கும்போது பையன் என்ன கேட்டான், வீட்டுக்காரர் எதற்குச் சிரித்தார், எந்தக் கடையில் தண்ணீர் பாட்டில் நிரப்பினீர்கள், சைவச் சாப்பாட்டுக்கு எங்கே அலைந்தீர்கள். வருத்தம் இருக்கும்போதுதான் இவ்வளவும் ஞாபகத்தில் இருக்கும். அது போனால் இதுவும் சேர்ந்து போய்விடுகிறது, எனக்கு அப்படித்தான் ஆனது.

உங்கள் பார்க் அங்கேயே இருக்கிறது தங்கச்சி. திறந்திருக்கிறது. எனக்கு அந்த ஆறுதல் இல்லை.

அல்சூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் கணவரிடம் படித்துக் காட்டினேன். பாதியில் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார், அப்புறம் வந்து, எனக்கும்தான், உன்னிடம் சொன்னால் நீ இன்னும் வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லை என்றார். பதினொரு நாளாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக ஒளித்துவைத்திருந்திருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை சார், டிக்கெட் எண்ணத்தை விட்டுவிட்டேன். சீட்டில் அடுத்த மாதம் சேர்கிறோம்.

நீலப்பென்சில் தம்பி கேட்டதற்கு வருகிறேன். கண்ணை மூடினால் எனக்குக் கோட்டை வருவதில்லை. கிரிஸ்லி கல்ச் வருகிறது. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன், அது அமெரிக்காவின் பழைய தங்கச் சுரங்க ஊர் மாதிரிக் கட்டியிருக்கிற பகுதி. மரவீடுகள், பாறைமலை, வெந்நீர் பீய்ச்சும் ஊற்று. அதற்குள் சுரங்க வண்டியில் உட்காரவைத்து ஓட்டும் ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. வண்டி மலைக்குள் ஏறும், கரடி ஒன்று முதுகைச் சொறியப்போய் தடம் மாற்றும் கம்பியைத் தட்டிவிடும், வண்டி பின்னாலேயே சரிந்து ஓடும். கடைசியில் கரடிக்குட்டிகள் வெடியை வெடிக்கவைத்து, வண்டி அம்பு மாதிரி வெளியே பாயும். மகனோடு அதில் ஐந்து தடவை ஏறினேன்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தார், 3 கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கம். காலையில் சங்கு ஊதினால் கேஜில், அதாவது இரும்புக்கூண்டு லிஃப்டில், இறங்குவார். ராத்திரியில் பூமிக்குள் பாறை வெடித்தால் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் அடுக்கி வைத்த பாத்திரங்கள் ஆடும். அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார், அப்பா நைட் ஷிப்ட்டில் இருந்தால் விடியும்வரை அப்படியேதான். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து லைனில் ஒரு வீட்டு டிவியில் தூர்தர்ஷன் டிஸ்னி கார்ட்டூன் போடுவார்கள், எல்லாம் இந்தி, ஒரு வார்த்தை புரியாது, வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்போம். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். அப்பா அதற்கப்புறம் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி தினமும் பெங்களூர் வந்து வாட்ச்மேன் வேலை பார்த்தார். இப்போது அவர் இல்லை.

அந்த ரைடில் குட்டிகள் வெடியை வெடிக்கும்போது இருக்கை கிடுகிடு என்று ஆடியது. எனக்கு முதல் தடவை அந்தப் பாத்திரச் சத்தம்தான் கேட்டது. பயந்தேன். பக்கத்தில் பார்த்தால் என் மகன் கையிரண்டையும் தூக்கிச் சத்தம் போட்டுச் சிரிக்கிறான். சுரங்கம் அதிர்கிறது, என் பிள்ளை சிரிக்கிறான். அதற்காகத்தான் மறுபடி மறுபடி ஏறினேன் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அங்கே கணவரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

நீலப்பென்சில்:

அக்கா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்தப் பகுதி மற்ற எந்த டிஸ்னி பார்க்கிலும் கிடையாது, ஹாங்காங்கில் மட்டும்தான், 2012-இல் திறந்தார்கள். கதைப்படி அந்த ஊர் உருவானது 1888 ஆகஸ்ட் 8 என்று வைத்திருக்கிறார்கள், எட்டு அவர்களுக்கு ராசியான எண் என்பதால். நம்ம தங்கவயலிலும் கிட்டத்தட்ட அதே வருஷங்களில்தான் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டிக்கொண்டிருந்தது. இதைப் படிக்காமல் இருந்திருந்தால் நான் அந்த ரெண்டையும் சேர்த்து யோசித்திருக்கவே மாட்டேன்.

மகனுக்கு நிஜச் சுரங்க ஊரைக் காட்டியிருக்கிறீர்களா?

பிடதிப்_பயணி:

பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று எழுதுகிறேன். உங்கள் மகன் எப்படி இருக்கிறான்? அவனும் வாடித்தான் இருப்பான், அம்மா அழுவதைப் பார்த்தால் சொல்லமாட்டான். என் மகள் இதே மாதிரி வெளியூர் பார்க் ஒன்றுக்குப் போய் ஊர் வந்ததும் இரண்டு நாள் பேசவில்லை. நாங்கள் செய்த தப்பு, மனசை மாற்றலாம் என்று அந்த வாரமே இங்கே பிடதியில் இருக்கிற வொண்டர்லா பார்க்குக்குக் கூட்டிப்போனது. எனக்கு வொண்டர்லா ரொம்பப் பிடிக்கும், 2005-இல் திறந்ததிலிருந்து போகிறோம், அலைக்குளத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் தூக்கமுடியாது. ஆனால் அன்றைக்கு அது அங்கே இருந்த பார்க்குக்கு மாற்றாகப் போய் நின்றது, பாவம், எந்த இடமும் இன்னொரு இடத்துக்கு மாற்று ஆகாது. மூன்று மாதம் கழித்துப் போனோம், அப்போது வொண்டர்லா வொண்டர்லாவாக இருந்தது, விழுந்து புரண்டு விளையாடினாள்.

எங்களுக்கு உதவியது வேறு. அவளுக்கு ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்கிக் கொடுத்து, பார்க்கின் மேப்பை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னோம், போனைப் பார்க்கக்கூடாது என்று விதி. மூன்று வாரம் வரைந்தாள். எங்களுக்கு ஞாபகமில்லாத குப்பைத்தொட்டிகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதை ஹாலில் ஒட்டிவைத்திருக்கிறோம், வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அவள்தான் கைடு.

அல்சூர்வாசி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பிடதிப்_பயணி சொன்ன மாதிரி சார்ட் பேப்பர் வாங்கினோம். மகன் கோட்டையை நடுவில் போடவில்லை, அந்த வளைந்த பாதையிலிருந்துதான் ஆரம்பித்தான். நோட்டில் நான் எழுதுகிறேன், தினம் ஒரு பக்கம், சில நாள் கணவரும் எழுதுகிறார். மிஸ்டிக் மேனர் என்று ஒரு ரைடு, தண்டவாளமே இல்லாமல் வண்டி தானாகத் திரும்பித் திரும்பிப் போகும், ஒரு குரங்கு மந்திரப் பெட்டியைத் திறந்துவிடும். அதிலிருந்து வெளியே வந்ததும் மகன், அம்மா அந்தக் குரங்கை யாரும் திட்டவே இல்லையே என்று கேட்டானாம். எனக்கு மறந்தேபோயிருந்தது, அவர் எழுதியிருந்தார்.

நீலப்பென்சில் தம்பி, போனோம். போன ஞாயிறு மூன்று பேரும் காலை ரயிலில் மாரிகுப்பம். ரயில் நிற்கும்போதே சயனைடு மேடு தெரிந்தது, மகன் மலை என்றான், மலை இல்லடா, தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய மண் என்று சொன்னேன். எங்கள் பழைய லைன் வீடு இன்னும் இருக்கிறது, வேறொரு குடும்பம் இருக்கிறது, அந்த அக்கா உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். பாத்திரம் அடுக்கியிருந்த மரப்பலகை அதேதான். தூரத்தில் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் இரும்புக் கோபுரத்தைக் காட்டினேன். தாத்தா இதற்குள்ளேயா இறங்குவார் என்று கேட்டான். எவ்வளவு நேரம் ஆகும், இருட்டாக இருக்குமா, பெல்ட் உண்டா என்று வரிசையாகக் கேட்டான். பெல்ட் கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான், அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டான், திரும்பி ஸ்டேஷன் வரும்வரை விடவில்லை.

வருத்தம் போய்விட்டதா என்று கேட்டால் போகவில்லை, குறைந்திருக்கிறது. ராத்திரி வீடியோ பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ஆக்டோபஸ் கார்டு பர்சில்தான் இருக்கிறது, மெட்ரோ கார்டு இல்லாத பக்கத்து அறையில். சார்ட் பேப்பரில் கிரிஸ்லி கல்ச் பக்கத்தில் மகன் புதிதாக ஒரு இரும்புக் கோபுரம் வரைந்திருக்கிறான். அது அங்கே கிடையாதே என்றேன். தெரியும், தாத்தாவோடது என்றான்.